தோட்டத்துப் பெயரும் நம் குடும்பக் கதையும்



பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் டோவன்பி என்று ஒரு தோட்டத்துப் பெயர் உண்டு. அந்தப் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளியும் உண்டு. இங்கிலாந்து நாட்டின் வடமேற்கு மூலையில், கம்பிரியா என்னும் பகுதியில், இதே டோவன்பி என்ற பெயரில் ஒரு சிற்றூர் இருக்கிறது. மழையும் குளிரும் மிகுந்த, ஆடு மேய்க்கும் பூமி அது. 'பி' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் அந்தப் பக்கத்தில் ஏராளம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்து அங்கே குடியேறிய வடநாட்டு மக்களின் மொழியில் 'பி' என்றால் ஊர் என்று பொருள். நம்மவர் பட்டி என்றும் பாடி என்றும் முடிப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு பெயர் கடல் தாண்டி நம் பால்மரக் காட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைச் சொல்லிச் சொல்லியே மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தோம். எனினும் அது எந்த ஊர், யார் ஊர் என்று நாம் கேட்டதில்லை.

செலாமா பக்கத்தில் ஹோலிரூட் தோட்டம். ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் ஹோலிரூட் என்பது அரண்மனையின் பெயர். திருச்சிலுவை என்று அதற்குப் பொருள். சிலிம் ரீவர் பக்கத்தில் குளூனி. அதுவும் ஸ்காட்லாந்தில் வழங்கும் இடப்பெயரே. தெலுக் இந்தானில் நோவா ஸ்கோஷியா. கனடா நாட்டில் அந்தப் பெயரில் ஒரு மாநிலமே இருக்கிறது; 'புதிய ஸ்காட்லாந்து' என்பது அதன் பொருள். ஊரை விட்டுப் போனவன் போன இடத்துக்குத் தன் ஊர்ப் பெயரையே வைத்தான். அந்தப் பெயர் பிறகு நம் பேராக்கிலும் வந்து ஒட்டிக்கொண்டது. கோலக் குராவ் பக்கம் செர்சோனிஸ் என்று ஒரு தோட்டம். இது கிரேக்கச் சொல். தீபகற்பம் என்று பொருள். ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் தாலமி என்ற நில நூலார் நம் மலாய்த் தீபகற்பத்தைப் 'பொன் தீபகற்பம்' என்று இந்தச் சொல்லாலேயே குறித்தார். கடாரம் என்று நம் முன்னோர் கெடாவைச் சொன்னதைப் பாட நூலில் படிக்கும் பிள்ளைகள், தங்கள் பக்கத்துத் தோட்டத்தின் பெயரும் அவ்வளவு பழமையானது என்று அறிந்தால் வியப்பார்கள். எங்கள் வகுப்பில் வியந்தார்கள்.

இந்தப் பெயர்களை இங்கே வைத்தவர்கள் வெள்ளைக்காரத் துரைமாரும் அவர்களுடைய கம்பெனிகளும்தாம். அவர்களுக்கு அது ஊர் நினைவு. நம் முன்னோருக்கும் ஊர் நினைவு இல்லாமல் போகவில்லை. சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு என்று அவரவர்க்கு ஓர் ஊர் நெஞ்சிலே இருந்தது. ஆனால் பெயர் வைக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. ஆகவே அவர்கள் தங்களுக்குள்ளேயே வேறு பெயர்கள் வைத்துக்கொண்டார்கள். மேட்டு லயம், ஆற்றோர லயம், புதுக்காடு, பழைய ஸ்டோர், கங்காணி வீட்டு முக்கு. இவை எந்த வரைபடத்திலும் ஏறாத பெயர்கள். தோட்டம் கைமாறி, லயம் இடிந்து, பால்மரம் போய்ச் செம்பனை வந்ததும் இந்தப் பெயர்கள் முதலில் அழிந்தன. வரைபடத்தில் இருந்த துரை ஊர்ப் பெயர் மட்டும் எப்படியோ தப்பியது. பல இடங்களில் தோட்டம் இல்லை, லயம் இல்லை; ஆனால் நகரத்துப் பக்கம் இடம் மாறிய தமிழ்ப்பள்ளியின் பெயர்ப் பலகையில் மட்டும் அந்தத் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. பலகையைப் பார்த்துவிட்டு, "டீச்சர், தோட்டம் எங்கே இருக்கிறது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இன்றைய பேச்சில் இரண்டு செய்திகளைச் சொல்ல எண்ணுகிறோம். நம் ஊர்களின் கதையை எப்படித் தெரிந்துகொள்வது என்பது ஒன்று. அது வெறும் பொழுதுபோக்கு அன்று, நம் குடும்பங்களுக்கு அவசியமானது என்பது மற்றொன்று.

முதலில் நகரங்களைப் பார்ப்போம். ஈப்போ என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் பாலில் கொடிய நஞ்சு உண்டு. காட்டில் வாழும் பூர்வகுடி மக்கள் ஊதுகுழல் அம்பின் முனையில் தடவி வேட்டையாடுவது அந்த நஞ்சைத்தான். பால் வடியும் மரத்தின் பெயரைக் கொண்ட ஊரைச் சுற்றி, பிற்காலத்தில் இன்னொரு பால் மரம் வந்து நம்மையும் அழைத்து வந்தது. கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகின் மிகச் செழிப்பான ஈய வயல். ஈய லம்பங்களில் சீனர்கள் பெருவாரியாக உழைத்தார்கள். ரயில் பாதையிலும் சாலையிலும் ரப்பர்க் காட்டிலும் நம்மவர்கள் உழைத்தார்கள். 1885ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஓடியதே மலாயாவின் முதல் ரயில். பிரிட்டிஷ் கவர்னர் வெல்டின் பெயரைத் தாங்கிய அந்தத் துறைமுகம் இன்று கோல செப்பெத்தாங் என்று மலாய்ப் பெயரால் வழங்குகிறது. தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆயிற்று. ஈப்போவில் ஹியூ லோ தெரு சுல்தான் இஸ்கந்தர் சாலை ஆயிற்று. புரூஸ்டர் சாலை சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை ஆயிற்று. முதியவர்கள் இன்னும் பழைய பெயரைச் சொல்லுகிறார்கள், பேரப்பிள்ளைகளுக்கு வழி தெரியவில்லை.

பெயர் மாற்றத்திலும் ஒரு சரித்திரம் உண்டு. ஈப்போ பழைய நகரில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த பர்ச் என்பவரின் நினைவாக 1909இல் எழுப்பியது. அவர் 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அவரைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்ட மலாய்த் தலைவர்களின் பெயர்களையே சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்துச் சாலைகளுக்கு வைத்தார்கள். கூண்டு ஒருவர் கதையைச் சொல்கிறது. அதன் காலடியில் ஓடும் சாலை மறு தரப்பின் கதையைச் சொல்கிறது.

ரப்பரின் கதை கோலகங்சாரில் தொடங்குகிறது. 1877இல் லண்டன் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு இருபத்திரண்டு கன்றுகள் வந்தன. அவற்றில் சில கோலகங்சாருக்கு வந்து, பர்ச்சுக்குப் பின் அப்பதவியில் இருந்தவர்களில் ஒருவரான ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த நாளைய மரங்களுள் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலியிட்டுப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதன்முன் ஒரு பலகையும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள். மரத்துக்கு ஆண்டும் தெரியும், வந்த வழியும் தெரியும். அந்த மரத்தின் சந்ததியைச் சீவிய நம் பாட்டனாருக்கு ஆண்டு தெரியவில்லையே என்ற எண்ணம் நமக்கு அங்கே வந்தது.

இனி பத்து காஜாவுக்குப் போவோம். கோப்பேங் சாலையில் கெல்லி மாளிகை என்று பாதியில் நின்றுபோன பெரிய கட்டடம் இருப்பதைப் பலரும் அறிவீர்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்பவர் ஸ்காட்லாந்தில் 1870இல் பிறந்தார். இருபது வயதில் மலாயா வந்தார். ரப்பரிலும் ஈயத்திலும் பணம் சேர்த்தார். தம் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயரிட்டார். கெல்லாஸ் என்பது அவர் பிறந்த மோரே பகுதியில் உள்ள சிற்றூர். 1915இல் புதிய மாளிகை கட்டத் தொடங்கினார். வேலை செய்தவர்கள் தென்னிந்தியத் தொழிலாளர்கள். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் அங்கேயும் புகுந்தது. வேலையாட்கள் பலர் இறந்தார்கள். தொழிலாளர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டார்கள், துரை கட்டிக்கொடுத்தார். மாளிகைக்குச் சற்றுத் தூரத்தில் அந்தக் கோயில் இருக்கிறது. தெய்வ உருவங்களுக்கிடையே துரை உடையில் ஓர் உருவமும் கோயிலின் மேலே நிற்கிறது. ஸ்மித் 1926இல் போர்த்துகல் தலைநகர் லிஸ்பனில் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தார். மாளிகை அப்படியே நின்றது.

இன்று வெளியூர்க்காரர்கள் அங்கே பேய் பார்க்க வருகிறார்கள். வரட்டும். அந்த மாளிகைக்குச் செங்கல் சுமந்தவர்கள் யார், காய்ச்சலில் இறந்தவர்களை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. துரையின் பிறந்த ஊர், வந்த வயது, இறந்த நகரம், வந்த நோய் எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. இறந்துபோன தொழிலாளியின் பெயர் ஒன்றுகூட நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதே பத்து காஜாவில் ஒரு கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் உண்டு. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில் உயிரிழந்த தோட்டத் துரைமார், போலீஸார், ராணுவத்தினர் பலரை அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். கல்லில் பெயரும் வயதும் வெட்டப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் மரியாதை செய்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செத்தவரை நினைப்பது நல்ல வழக்கம். ஆனால் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழர்களை எண்ணிப் பாருங்கள். எத்தனையோ லயங்களில் அப்பா போனார், அண்ணன் போனார், திரும்பவில்லை. அந்தப் பெயர்கள் வீட்டுப் பெரியவர்களின் வாயில் மட்டும் இருந்தன. அந்த வாய்களும் இப்போது ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன.

இங்கிலாந்துச் சிற்றூர்க்காரனுக்கு மட்டும் தன் ஊர்க் கதை எப்படித் தெரிகிறது? அவன் நம்மைவிட ஞாபகசாலி அல்லன். 1538ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு ஓர் ஆணை போட்டது. ஒவ்வோர் ஊர் மாதா கோயிலிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒரு பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது ஆணை. கூலிக்காரன் பெயரும் அதில் ஏறியது. பல ஊர்களில் அந்தப் பேரேடுகள் இன்றும் இருப்பதால், ஓர் உழவன் தன் குடும்பத்தை நானூறு ஆண்டுகள் பின்னோக்கித் தேட முடிகிறது. அதற்கும் முன்னால், 1086இல், வில்லியம் மன்னன் நாட்டின் பெரும்பகுதியில் நிலத்தையும் ஏரையும் மாட்டையும் கணக்கெடுத்துத் தோலில் எழுதி வைத்தான். அந்த ஏட்டுக்குத் தொள்ளாயிரம் ஆண்டு நிறைந்தபோது, 1986இல், பி.பி.சி. நிறுவனம் புதிய கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். தங்கள் தெருவில் என்ன கடை, என்ன விலை, எப்படிப் பொழுது போகிறது என்று எழுதியும் படம் எடுத்தும் அனுப்பினார்கள். அவற்றையெல்லாம் லேசர் தட்டுகளில் பதித்தார்கள். பதினைந்து ஆண்டுகள் கழிந்தபோது அந்தத் தட்டைப் படிக்கும் இயந்திரங்கள் வழக்கொழிந்து போயின. நிபுணர்கள் பெரும்பாடு பட்டுத்தான் மீட்டார்கள். 1086இல் தோலில் எழுதியதோ கண்ணால் படிக்கக்கூடியதாக இருந்தது. கைத்தொலைபேசியில் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்துவிட்டோம், போதும் என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் தோட்டங்களிலும் பேரேடுகள் இருக்கத்தான் செய்தன. பிரட்டுக்களத்தில் கிராணி பெயர் கூப்பிட்டுக் குறித்த செக்ரோல் ஒன்று. தோட்டத்து ஆஸ்பத்திரிப் புத்தகம் ஒன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று இருந்தது. ஆகவே பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஒன்று. செக்ரோல்கள் பெரும்பாலும் தோட்டம் விற்கப்பட்டபோது குப்பைக்கோ கறையானுக்கோ போய்விட்டன. பள்ளிப் பதிவேடுகள் சில இடங்களில் தப்பியிருக்கின்றன. பழைய பதிவேட்டில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள் இருக்கும். அதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம்.

ஏன் என்று சொல்லுகிறோம். 1957இல் நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் நம் மக்களில் பலரும் விண்ணப்பம் செய்துதான் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. விவரம் அறிந்தவர்கள் செய்தார்கள். காலையில் மரம் சீவி, மாலையில் களைத்து விழுந்தவர்களில் எத்தனையோ பேர் செய்யவில்லை. பிறகு 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கானோர் ரஜூலா முதலிய கப்பல்களில் ஏறித் தமிழகம் திரும்பினார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தங்கியவர்களில் சிலர் சிவப்பு அடையாள அட்டையோடே முதுமை அடைந்தார்கள். அவர்களிடம் அதிகாரிகள் கேட்ட கேள்விகள் மூன்றே: எங்கே பிறந்தாய், எந்த ஆண்டு, யார் சாட்சி? அதற்குப் பதில் சொல்ல ஊர்க் கதை தெரிந்திருக்க வேண்டும். மேட்டு லயத்தில் பிறந்தேன் என்றால் அலுவலகத்தில் எடுபடுமா? எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த மாவட்டம் என்று சொல்ல வேண்டும். தோட்டமே இல்லாமல் போன பிறகு, அதைச் சொல்லத் தெரிந்தவர்களும் இல்லாமல் போனால், மனு அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், தாத்தா பாட்டி பிறந்த இடத்தைக் கேட்டு எழுதி வரச் சொன்னோம். ஒரு பிள்ளை, "பால் ஸ்டோருக்குப் பின்னால்" என்று எழுதி வந்தது. வகுப்பு சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை. அந்தப் பாட்டிக்குத் தெரிந்த உலகத்தில் அதுவே சரியான முகவரி. அடுத்த வாரம் வேறு கேள்விகள் கொடுத்து அனுப்பினோம். ஸ்டோரிலிருந்து எந்த ஆறு தெரியும்? சம்பளத்தன்று சாமான் வாங்க எந்தப் பட்டணத்துக்குப் போவீர்கள்? தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கு நடந்து போனீர்களா, லாரியில் போனீர்களா, எவ்வளவு நேரம் ஆகும்? விடைகளைச் சேர்த்துப் பார்த்தபோது தோட்டமும் தெரிந்தது, டிவிஷனும் தெரிந்தது.

ஆண்டு விஷயமும் அப்படித்தான். பாட்டியிடம், "எந்த வருஷம் பிறந்தீங்க?" என்று கேட்டால், "யாருக்குத் தெரியும்" என்பார்கள். வேறு விதமாகக் கேளுங்கள். ஜப்பான்காரன் வந்தபோது நீங்கள் கைக்குழந்தையா, நடந்தீர்களா? மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம் நினைவிருக்கிறதா? ஜப்பானியர் வந்தது 1941 டிசம்பரில், போனது 1945இல். லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டபோது என்ன வயது? 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுடப்பட்டு இறந்த பிறகே அவசர காலம் பிறந்தது; அடையாள அட்டை வந்ததும் அந்த ஆண்டில்தான். மெர்டேக்கா அன்று பள்ளியில் இருந்தீர்களா, கல்யாணம் ஆகிவிட்டதா? இப்படி நான்கு ஆணி அடித்தால் நடுவிலே ஆண்டு சிக்கிக்கொள்ளும்.

தோட்டம் துண்டாடப்பட்டது எப்போது என்றும் கேளுங்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அதற்கு மறுமொழியாகத்தான், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடமே பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தச் சங்கத்துப் பழைய ரசீது இருந்தால் அதுவும் சரித்திரச் சான்று.

பெரியவர்கள் இருவர் ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொல்வார்கள். சண்டை போட்டுத் தீர்க்க வேண்டாம். இரண்டையும் எழுதி, யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று குறித்துவையுங்கள். கள்ளுக்கடைச் சண்டை, கங்காணியின் அதட்டல், கோயில் கமிட்டித் தகராறு இவற்றையும் விட்டுவிட வேண்டாம். திருவிழாவை மட்டும் எழுதினால் அது அழைப்பிதழ் ஆகிவிடும். தாய்மார்களிடம் தனியே கேளுங்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் அவர்கள் பேசமாட்டார்கள், ஆண்களே பேசுவார்கள். ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு இருட்டில் மலைக்காட்டுக்குப் போன கதை அவர்களிடம்தான் இருக்கிறது. சயாமுக்குப் போனவர் பற்றிக் கேட்கும்போது மெல்லக் கேளுங்கள். அழுதால் நிறுத்திவிடுங்கள். இன்னொரு நாள் அவர்களே சொல்வார்கள்.

பிறகு எழுத்துச் சான்று. பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, கப்பல் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் எதையும் கிழிக்காதீர்கள். பிரதி எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள். கோயில் மணியிலும் கல்வெட்டிலும் உபயம் செய்தவர் பெயரும் ஆண்டும் இருக்கும். கோயிலை இடம் மாற்றும்போது அதை எழுதிக்கொள்ள மறவாதீர்கள். தோட்டத்து இடுகாடு செம்பனைக்குள் மறைந்திருந்தால், வழி தெரிந்த ஒருவர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளோடு ஒரு முறை போய் வாருங்கள். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் போன்ற பழைய நாளிதழ்களிலும் தோட்டச் செய்திகள் நிறைய உண்டு.

கடைசியாகப் புகைப்படங்கள். கல்யாணப் படம், பள்ளிப் படம், பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்று எடுத்த படம் என்று ஒவ்வொரு வீட்டிலும் சில இருக்கும். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேளுங்கள். பெயர்களைப் படத்தின் பின்பக்கம் எழுதுங்கள். பேனாவால் எழுதினால் மை ஊறி முன்பக்கம் முகத்தில் தெரியும். மெழுகு போன்ற மிருதுவான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். படத்தைச் சுவரில் ஒட்டாமல், காகித உறையில் போட்டு, ஈரம் படாத பெட்டியில் வையுங்கள்.